கராஜில் வெந்த மாட்டிறைச்சி

போன வியாழக்கிழமை எங்கள் வீட்டுக் கராஜைப் பொலிஸ் சுற்றி வளைத்தது. உள்ளே இருந்தது மாட்டிறைச்சி. சிரிக்காதீர்கள்.

பாரிஸில் இருக்கும் என் தம்பி, ஊருக்கு வந்த ஒருவரிடம் ஒரு மின்சாரச் சட்டியைக் கொடுத்தனுப்பியிருந்தான். ஸ்லோ குக்கர். மாட்டிறைச்சி, வெங்காயம், கரட், மேலே சிவப்பு வைன். மூடியைப் போட்டு, ஸ்விட்சைத் தட்டி, சிவப்பு லைட் எரிந்ததும் வேலைக்குப் போய்விடலாம். பின்னேரம் வந்தால் பிரெஞ்சுக்காரர் சாப்பாடு தயார். ஆனால் எட்டு மணித்தியாலத்துக்கு மூடியைத் திறக்கவே கூடாதாம். நமக்கு ஆகிற காரியமா? இடைக்கிடை அகப்பையை விட்டுக் கிளறாவிட்டால் சமைத்தது போலவே இருக்காதே!

இறைச்சியை மடவளை இறைச்சிக் கடையில் வாங்கியாயிற்று. சட்டியை எங்கே வைப்பது?

நாங்கள் பீஃப் சாப்பிடுவோம் — கடையில். சாமிப்படம் இருக்கிற வீட்டுக்குள் சமைப்பதில்லை. இது என் கணவர் போட்ட சட்டம். "உன்ர தம்பியின்ர சட்டியைக் கொண்டுபோய்க் கராஜில வை" என்றார். கார் இல்லாத கராஜ். குசினி ஜன்னலால் வயரை இழுத்து, அதன் மேல் சாக்கைப் போட்டு மூடினேன். ஏன் மூடினேன்? பக்கத்து வீட்டுக் குசுமா அக்கா சிங்களவர்; பௌர்ணமிப் போயா தவறாமல் வெள்ளை உடுத்துப் புத்த விகாரைக்குப் போகிறவர். மாடு வேகிறது என்று தெரிந்தால் என்ன நினைப்பார்? கராஜைப் பூட்டிவிட்டு இருவரும் வேலைக்குப் போய்விட்டோம்.

நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்துக்கு மத்தியானம் போன் வந்தது. வீட்டில் பொலிஸ்.

த்ரீவீலரில் எங்கள் ஊரான குண்டசாலைக்கு வந்து இறங்கினால், எங்கள் ஒழுங்கைக்குக் குறுக்கே கயிறு கட்டியிருக்கிறது. கையில் துவக்கோடு ஆமிக்காரர். என் கணவரை அவர் வேலை செய்யும் கந்தோரிலிருந்து ஜீப்பில் ஏற்றி வந்திருந்தார்கள். பூட்டிய தமிழ் வீடு, சாக்குக்கு அடியில் ஓடும் வயர், கராஜ் கதவு இடுக்கில் சிவப்பு வெளிச்சம்... யுத்தம் நடந்து, பையும் பார்சலும் வெடிக்கிற காலத்தில் இது போதாதா?

அதிகாரி சிங்களத்தில் கேட்டார். "உள்ளே என்ன?"

"மாட்டிறைச்சி, மாத்தயா."

"மாட்டிறைச்சியை யாராவது கராஜில பூட்டி வைப்பாங்களா?"

சாமிப்படம், சட்டி, தம்பி, பாரிஸ் எல்லாவற்றையும் சொன்னேன். பாரிஸ் என்றதும், புலிகளுக்குக் காசு வருகிற ஊர் என்றோ என்னவோ, அவர் முகம் இன்னும் இறுகியது. இன்று என் கணவரைக் கொண்டுபோய்விடுவார்கள் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது.

"அப்ப நீயே போய்த் திற" என்று அதிகாரி என் கணவரைப் பார்த்துச் சொன்னார். சொல்லிவிட்டு எல்லோரும் மதிலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்கள்.

"இறைச்சிதானே, பயப்பிடாதை. வாறன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு இவர் தனியாக நடந்தார். உள்ளே இருப்பது இறைச்சி என்று எனக்குத் தெரியும். நானே வெட்டிப் போட்டது. அப்படியிருந்தும், அவர் கராஜுக்குள் நுழைந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். என் சட்டியை நானே சந்தேகித்தேன். நம்புவீர்களா?

மூடி திறந்த சத்தம் கேட்டது. பிறகு வைன் வாசனை ஒழுங்கை முழுக்கப் பரவியது. ஒருவரும் சிரிக்கவில்லை. அதிகாரி எட்டிப் பார்த்தார், அடையாள அட்டைகளைத் திருப்பித் தந்தார், "இனி வீட்டுக்குள்ள சமையுங்க" என்றார். ஜீப் போய்விட்டது.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். இல்லை.

குசுமா அக்கா என்னைச் சிங்களத்தில் தங்கச்சி என்று கூப்பிட்டு அழுதுகொண்டே வந்தார். "நங்கி, பொலிஸுக்குச் சொன்னது நான்தான். வயரைப் பார்த்துப் பயந்து போயிட்டேன்."

துவக்கைப் பார்த்தபோதுகூட இப்படி விறைத்துப் போகவில்லை. எத்தனை பொங்கலுக்கு, எத்தனை சிங்களப் புதுவருடத்துக்கு அந்த வேலிக்கு மேலால் தட்டு மாற்றியிருக்கிறோம்! பள்ளிக்கூட நம்பர் அவரிடம் இருக்கிறது. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றேன்.

"என்ன சமைக்கிறீங்க எண்டு சொல்லியிருந்தா நான் ஏன் பயப்படுறேன்? எங்க வீட்டிலயும் பீஃப் சமைக்கிறதுதான். மகனுக்கு அது இல்லாமச் சோறு இறங்காது. நீங்க சாமி கும்பிடுற ஆக்கள் எண்டுதான் உங்க பக்கத்து ஜன்னலைச் சாத்திட்டுச் சமைப்பேன்" என்றார்.

இத்தனை வருஷமும் இரண்டு வீட்டிலும் ஒருவருக்கொருவர் ஒளித்துத்தான் சமைத்திருக்கிறோம். அவர் ஒளித்தால் அது கறி; நான் ஒளித்தால் அது குண்டு.