மாரிச்சாமி அண்ணனும் நிற்காத கெட்டிமேளமும்

எங்கள் தெரு மாரிச்சாமி அண்ணனைப் போலப் பாட்டும் மேளமும் கேட்கிற ஆள் கோவில்பட்டி வட்டாரத்திலேயே கிடையாது. பகலில் தீப்பெட்டி ஆபீசில் பண்டல் போடுவார். வேலை விட்டதும் சைக்கிளை எடுத்தால், எங்கே சத்தம் கேட்கிறதோ அங்கே நிற்பார். மாதா கோயில் பேண்டு செட்டா, சரி. இடைசெவல் பக்கம் அம்மன் கோயில் கொடைவிழாவில் நையாண்டி மேளமா, அதுவும் சரி. மணியாச்சியில் ரயில்வேக்காரர்கள் வைத்த மெல்லிசைக் கச்சேரிக்கு, பாடகர் வருவதற்கு முன்பே போய் மைக் டெஸ்டிங்கைக் கேட்டு ரசித்தவர். ஒருமுறை காலேஜ் பையன்கள் கல்யாண மண்டபத்தில் கிடாரும் டிரம்ஸுமாக இங்கிலீஷ் பாட்டுப் பாடினார்கள். மண்டபமே பந்திக்கு ஓடிவிட்டது. அண்ணன் மட்டும் முன்வரிசையில் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தார்.

"ஏலே, என்ன பாட்டுன்னே புரியல. ஆனா நெஞ்செல்லாம் அதிருதுல!" என்றார் என்னிடம். அவர் கண்ணில் தண்ணீர். சத்தியமாகச் சொல்கிறேன், தண்ணீர்!

இப்படிப்பட்ட மனுஷன் புதூர்ப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் பெண் பார்க்கப் போனார். எதிர் வரிசையில் உரக்கடை திறப்பு விழா. பேண்டு செட்டு முழங்கியது. பெண் வள்ளிமயில் காபித் தட்டோடு வந்து நின்றபோது மாப்பிள்ளை நாற்காலி காலி. அண்ணனின் அக்கா கிருஷ்ணவேணி தெருவில் இறங்கி, சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து வந்தாள்.

"பொண்ணு பிடிச்சிருக்கால?"

"அருமையா வாசிக்காவ, அக்கா!"

இதே கூத்தில் ஏற்கெனவே பல இடம் தட்டிப்போயிருந்தது. ஆனால் இந்தத் தடவை, பொங்கி வந்த சிரிப்பை வள்ளிமயில் முந்தானையால் மறைத்ததை அண்ணன் பார்த்துவிட்டார். அவ்வளவுதான். இவள் இல்லையென்றால் கல்யாணமே வேண்டாம் என்று நின்றார். மறுபடியும் போய் மன்னிப்புக் கேட்டார். வள்ளிமயில் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"மணவடையில உக்காந்து மேளக்காரவிய பக்கம் தலையத் திருப்பினீங்க, நான் எந்திரிச்சுப் போயிருவேன். தாலியாவது ஒண்ணாவது."

கல்யாணத்தன்று மண்டபத்தில் எங்கள் தெரு மொத்தமும் அண்ணன் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். தவில் வாசித்தவர் ஆறுமுகசாமி அண்ணாச்சி. அவர் தட்டினால் தூண் கூடத் தாளம் போடும். அண்ணனுக்கு வேர்த்துக் கொட்டியது. ஆனால் தலை அசையவில்லை. பெண்ணின் முகத்தை மட்டும் பார்த்தார். அவளும் வெட்கப்பட்டாள்.

ஐயர் தாலியை எடுத்துக் கொடுத்து, "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்றார். தவில் இடியாக இறங்கியது. எல்லோரும் அட்சதை போட்டோம்.

அண்ணன் தாலியைக் கையில் வைத்தபடி அப்படியே இருந்தார். கண் பெண்ணின் மேல், காது தவிலின் மேல்.

கட்டி முடிக்காமல் கெட்டிமேளத்தை நிறுத்தக் கூடாது. மேளம் நிற்காமல் அண்ணனுக்குச் சுரணை வராது. ஐயர் பதறி, கட்டச் சொல்லி அண்ணனைப் பார்த்து விரலை ஆட்டினார். ஆறுமுகசாமி அண்ணாச்சி அதை இன்னும் வேகமாக வாசிக்கச் சொல்வதாக எடுத்துக்கொண்டு வெளுத்து வாங்கினார். அண்ணன் முகத்தில் சொர்க்கம் தெரிந்தது! நாதஸ்வரக்காரர் கன்னம் வெடிக்கிற மாதிரி ஆகிவிட்டது. அட்சதை தீர்ந்து, பிள்ளைகள் கீழே கிடந்ததைப் பொறுக்கி இரண்டாவது முறை போட்டன.

"முகூர்த்தம் தாண்டப் போகுது, மேளத்த நிறுத்துங்கய்யா!" என்று பெண்ணின் அப்பா கத்தினார்.

"தாலி ஏறாம நிறுத்துனா விளங்குமா? மாப்ளயக் கட்டச் சொல்லுங்க!" என்று ஆறுமுகசாமி அண்ணாச்சி வாசித்துக்கொண்டே கத்தினார்.

மூன்றாவது முடிச்சுப் போடப் பின்னால் காத்திருந்த கிருஷ்ணவேணி தம்பியின் முதுகில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். அதையும் தாளத்தில் சேர்த்துக்கொண்டு அண்ணன் தலையாட்டினார்.

வள்ளிமயில் எழுந்தாள்.

 போச்சு, இந்த இடமும் போச்சு என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் அவள் போகவில்லை. மணவடையிலேயே மண்டி போட்டு, மருதாணிக் கை இரண்டாலும் அண்ணனின் காதுகளை அழுத்திப் பொத்தினாள்.

அண்ணன் திடுக்கிட்டு விழித்தார். கையில் தாலி! எதிரே கழுத்து! அவசர அவசரமாகக் கட்டினார். அவள் கை அவர் காதில், அவர் கை அவள் கழுத்தில். போட்டோக்காரர் எடுத்துவிட்டார். இன்றைக்கும் அவர்கள் வீட்டுச் சுவரில் அந்தப் படம்தான் தொங்குகிறது.

மேளம் நின்றது. வள்ளிமயில் கையை எடுத்தாள். அண்ணன் சுற்றுமுற்றும் பார்த்தார். முகம் வாடிப்போனது.

"மேளத்தோட முடிப்பக் கேக்க விடாமப் பண்ணிட்டியே."

 தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்த தவில்காரர் பக்கம் வள்ளிமயில் திரும்பினாள்.

"அண்ணாச்சி, கை வலிக்கும்னு தெரியுது. அந்த முடிப்ப மட்டும் இன்னொருக்கா வாசிச்சிருங்க. நானும் பயத்துல சரியாக் கேக்கல."

 ஆறுமுகசாமி அண்ணாச்சி வாசித்தார். இப்போது அண்ணன் தாராளமாகத் தலையைத் திருப்பிப் பார்த்தார். பக்கத்தில் அவளும் பார்த்தாள்.