தலைகீழாகத் தொங்கிய புள்ளிக் கற்றாழை

"மாமா, இந்தச் செடிக்கு மழை ஆகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆகாதும்மா. வேர்ல தண்ணி நின்னா ரெண்டே நாள்ல அழுகிடும்."

"மலாக்காவில எவ்வளவு மழைன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"இருபத்திரண்டு வருஷம் அதை அளந்தவன்கிட்டயா கேக்கறே?"

"அப்புறம் ஏன் வளர்க்கறீங்க?"

பொன்னுதுரை யோசித்தார். அதற்குள் அடுப்படியிலிருந்து அவர் மனைவி கமலவேணியின் குரல் வந்தது. "பொருந்தாததைத்தான் தேடிக் கொண்டாந்து வச்சுக்குவாரு. என்னையும் அப்படித்தானே கொண்டாந்தாரு, கேளு."

"அன்னிக்கும் மழைதான் சுந்தரி. கையில குடை இல்லை. அதான் இவ வீட்டுல ஒதுங்கினேன்."

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தில், மலாக்காவின் காஜா பேராங் பகுதியில் இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த வேலியோரம் நடந்த பேச்சு இது. பக்கத்து வீட்டு சிவகாமசுந்தரி தமிழும் ஆங்கிலமும் படித்தவள். இரண்டிலும் குறைவாகவே பேசுவாள். அன்று பேசியது அவள் கணக்கில் நிறைய.

பொன்னுதுரை அரசாங்கத்தில் மழைமானி பார்த்தவர். தினமும் காலையில் கண்ணாடிக் குழாயைத் தூக்கிப் பிடித்து, எத்தனை அங்குலம் என்று எழுதிவைப்பார். ஓய்வு பெற்றதும் அவர் செய்த முதல் காரியம், வீட்டு முன்னால் வறண்ட தோட்டம் போட்டது. ஊரில் மழையின் அளவு யாருக்குத் துல்லியமாகத் தெரியுமோ, அவருக்குத்தான் அந்த யோசனை தோன்றியது.

கிளேபாங் கடற்கரையிலிருந்து சைக்கிளில் மணல் கொண்டுவந்தார். உப்பு போகக் கழுவ வேண்டுமென்று தொட்டி வாங்கினார். தொட்டி வந்து சேருமுன் வானமே அந்த வேலையை முடித்துவிட்டது. சரளைக் கல் மேடு கட்டி, மேலே தகரம் போட்டார். அளவெடுத்துப் போட்ட சரிவுதான். தகரத்தில் விழுந்த மழையெல்லாம் ஒரு துளி சிந்தாமல் நேராக மேட்டில் இறங்கியது.

கப்பல் சமையற்காரர் ஒருவர் கொடுத்த புள்ளிக் கற்றாழை ஒன்று. ரப்பர் தோட்டத்துத் துரை வீட்டு வேலியிலிருந்து கேட்டு வாங்கிய வேறு ஜாதி ஒன்று. இரண்டும் பூத்தபோது, ஒன்றின் மகரந்தத்தைக் கோழி இறகால் தொட்டு மற்றதில் வைத்தார். விதை பிடித்தது. பதினொன்று முளைத்தன. பத்து அழுகின; தாய்ச் செடிகள் இரண்டும் அவற்றோடு போயின. மிஞ்சிய ஒன்றுக்கு இலை முழுக்க வெள்ளைப் புள்ளி, ஓரத்தில் இளஞ்சிவப்புப் பல். சுந்தரி நூல்நிலையத்துப் புத்தகங்களில் படம் படமாகத் தேடினாள். அப்படி ஒன்று எதிலும் இல்லை.

ஐம்பத்தேழில் மலாயாவின் சுதந்திரக் கொண்டாட்டத்தை ஒட்டி, ஆகஸ்ட் கடைசியில் ஊரில் தோட்டக் கண்காட்சி என்று அறிவித்தார்கள். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் மழையை எழுதிவைத்த மனிதருக்கு, தானே உண்டாக்கிய ஒன்றைக் காட்ட ஒரு வாய்ப்பு. அந்த ஒரு செடி அதுவரை உயிரோடிருந்தால் போதும்.

ஜூலையில் தம்பின் ஊர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்காக மூன்று நாள் போனார். திரும்பி வந்தபோது மேடு காலி. செடி வாசல் நிலையில், வேர் மேலாகத் தலை கீழாக, மஞ்சள் துணி சுற்றிக் கயிற்றில் தொங்கியது.

"என்னடி இது?"

"திருஷ்டிக்குக் கட்டியிருக்கு. போறவன் வர்றவன் எல்லாம் அந்தச் செடியையே பார்த்தான். கண்ணு பட்டு அடி இலை கொழகொழன்னு ஆயிடுச்சு."

"கண்ணு பட்டது செடிக்குத்தானே?"

"ஆமா."

"அதுக்காக அந்தச் செடியையேவா கட்டுவே?"

"வீட்டுல வேற கற்றாழை எங்கே விட்டுவச்சீங்க? சோத்துக் கற்றாழையைத்தான் 'சாதாரணம்'னு பிடுங்கிப் போட்டீங்களே!"

ஆடி அமாவாசை வரை அவிழ்க்கக் கூடாது என்று தீர்ப்பாயிற்று. அரசாங்க உத்தரவுகளை மதித்தே பழகிய மனிதர், இதையும் மதித்தார். அன்று இரண்டு வேளை சாப்பிடாமல் எதிர்ப்பு தெரிவித்தார். அதை யாரும் கவனிக்காததால் மூன்றாம் வேளை சாப்பிட்டார்.

வெளியே மழை விடாமல் கொட்டியது. வாசல் கூரைக்கடியில் செடி மட்டும் சொட்டு நனையாமல் காற்றாடியது. நான்கு ஆண்டுகளாக அவர் கட்ட முயன்ற வறண்ட தோட்டம் அந்த ஒரு சாண் கயிற்றில் இருந்தது. அழுகிய அடி காய்ந்து உதிர்ந்தது. புண் ஆறி, வெள்ளையாக வேர் முனை எட்டிப் பார்த்தது. அமாவாசை வந்தபோது அவிழ்க்கப் போனது கமலவேணி. வேண்டாமென்று கையைப் பிடித்துத் தடுத்தது பொன்னுதுரை. பிறகு பூந்தண்டு ஒன்று தரையை நோக்கிக் கிளம்பி, மனம் மாறி, வளைந்து மேலே திரும்பியது.

கயிற்றோடு போய் இரண்டாம் பரிசு வாங்கியது அது. முதல் பரிசு, தினமும் மூன்று வேளை தண்ணீர் குடித்த ஓர் ஆர்க்கிட்டுக்கு.

கண்காட்சிக்கு முந்தைய வாரம் படிவத்தோடு அவர் வேலியோரம் வந்திருந்தார். வளர்த்த முறை என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று சுந்தரி கேட்டாள். "கட்டித் தொங்கவிட்டதுன்னு எழுது. யார் கட்டினாங்கன்னு அவங்க கேக்கலையே." செடியின் பெயர் என்ற இடத்தில் அவள் பேனா நின்றது. அவர் ஒருமுறை அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"கமலவேணின்னு போடும்மா. ஆனா இங்கிலீஷ்ல மட்டும் எழுது. தமிழ்ல எழுதினா அவ படிச்சிடுவா."