சிறுமலைக்கு நாங்கள் மூன்று பேர்தான் போனோம்

நான் ராகுகாலம் பார்த்துத்தான் ரேஷன் கடைக்குப் போவேன், அந்த நேரத்தில் கூட்டம் இருக்காது என்பதற்காக. பேய், ஆவி, சகுனம் எல்லாவற்றிலும் எனக்கிருந்த நம்பிக்கை அவ்வளவுதான். அப்படிப்பட்டவள் சொல்கிறேன் என்பதற்காகவாவது கேளுங்கள். கேட்டுவிட்டுச் சிரித்தாலும் பரவாயில்லை, சிரிப்பவர்களிடம் விளக்கி விளக்கி எனக்கே அலுத்துவிட்டது. இன்னொன்று, இது நடந்தது ராத்திரியில் இல்லை. பட்டப்பகலில்.

கொரோனா முதல் அலை ஓய்ந்த சமயத்தில் எனக்கும் பிரபுவுக்கும் கல்யாணம். ஹோட்டல், படகு, செல்ஃபி என்று தேனிலவு போக எனக்கு இஷ்டமில்லை. கூடாரம் போட்டு, மலையேறி, கால் வலிக்க நடக்க வேண்டும். முதலில் இமாசலப் பிரதேசம், ஏழு நாள் நடை. எக்செல் ஷீட்டில் தினசரித் திட்டம் வரைக்கும் போட்டுவிட்டேன். அது ரத்தாகி வயநாடு ஆனது, வயநாடு ரத்தாகி கொடைக்கானல் ஆனது, அப்புறம் வத்தலக்குண்டிலேயே வண்டிகளைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்றார்கள். ஆன்லைனில் வாங்கிய ஆரஞ்சு நிறக் கூடாரம் உறை பிரிக்காமல் பரணில் கிடந்தது.

பிறகு இரண்டாவது அலை. எனக்குத் தொற்று வந்து, திண்டுக்கல்லில் அம்மா வீட்டில் ஓர் அறையில் மூன்று வாரம் அடைந்து கிடந்தேன். அதே நேரத்தில் செம்பட்டிப் பக்கம் தோட்டத்து வீட்டில் இருந்த என் மாமனாருக்கும் வந்தது. ஒன்பதாவது நாள் போய்விட்டார். பிளாஸ்டிக்கில் சுற்றித்தான் எடுத்துப் போனார்களாம், பிரபு நாற்பதடி தூரத்தில் நின்று பார்த்தானாம். காரியம் முடிந்த பிறகுதான் என்னால் அந்த வீட்டுக்குத் திரும்பவே முடிந்தது. போனால், பிரபு அழவும் இல்லை, பேசவும் இல்லை. "சாப்டியா" என்பதுதான் ஒரு நாளில் அவன் பேசுகிற பெரிய வாக்கியம். இரண்டு மாதம் அப்படியே ஓடியது. அப்புறம் கத்தாரில் அவன் வேலை பார்க்கும் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது, விமானம் விட்டாச்சு, ஆறு நாளில் வேலைக்கு வா என்று. போனால் அடுத்த விடுமுறைக்கு இரண்டு வருடம். இவன் இப்படியே விமானம் ஏறிவிட்டால் திரும்பி வரும்போது நாங்கள் யாரோ எவரோ ஆகிவிடுவோம் என்று எனக்குப் பயம். ஒரே ஒரு நாள் கிடைத்தால் போதும், அவனைப் பேச வைத்துவிடலாம்.

இமாசலத்தில் தொடங்கிய திட்டம் கடைசியில் சிறுமலையில் வந்து நின்றது. நத்தம் ரோட்டில் திரும்பினால் மலை, அதுவும் பகலில் மட்டும், ஐந்து மணிக்குள் இறங்கிவிட வேண்டும்.

"போயிட்டு வாங்கத்தா" என்றார் அத்தை, அதாவது என் மாமியார். "ரெண்டு பேரும் சுவத்தையே பாத்துக்கிட்டு இருந்தா எனக்குல்ல மூச்சு முட்டுது."

பிரபுவின் அத்தை மகன் பாண்டி காய்கறி ஏற்றும் ஆம்னி வேனைக் கொண்டுவந்தான். கண்ணாடியில் 'அத்தியாவசியப் பணி' என்று ஒட்டியிருந்தது, உள்ளே முருங்கைக்காய் வாசம். "தேனிலவு அத்தியாவசியப் பணிதானே தங்கச்சி" என்று அவனே சிரித்துக்கொண்டான். கிளம்பும்போது அத்தை வாசலுக்கு ஓடி வந்தார்.

"மூணு பேராவா போறீக? ஏத்தா, ஒரு கல்ல எடுத்துப் பையில போட்டுக்க. நாலு பேரு கணக்காயிரும்."

எங்கள் பக்கம் இது ஒரு வழக்கம். மூன்று பேராக எங்கேயும் புறப்படக் கூடாது. வேறு வழியில்லை என்றால் ஒரு கல்லையும் கூடவே எடுத்துக்கொள்வார்கள், அதுதான் நாலாவது ஆள்.

"கல்லுக்கு ஆதார் கேட்டா என்ன அத்தை செய்யுறது?" என்று கிண்டலடித்துக்கொண்டே, மோட்டார் ரூம் சுவரோரம் கிடந்த ஒரு கல்லை எடுத்தேன். உள்ளங்கை அளவு, உருண்டை, ஒரு பக்கம் லேசாக மஞ்சள் பூசியது போல இருந்தது. கூடாரப் பையின் மேல் ஜிப்பில் போட்டுப் பின் சீட்டில் என் பக்கத்தில் வைத்தேன். பிரபு முன்னால் பாண்டி பக்கத்தில் உட்கார்ந்தான்.

மலையடிவாரத்தில் கயிறு கட்டி நிறுத்தினார்கள். சுகாதாரப் பணியாளர் அக்கா ஒருவர், கையில் காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கி, மேசையில் நோட்டு. நான் சிக்னல் போவதற்குள் மேப்பை டவுன்லோட் பண்ணுகிற அவசரத்தில் இருந்தேன். எங்கள் மூன்று பேர் பெயரையும் வயதையும் சொல்லிவிட்டுப் போனில் மூழ்கிவிட்டேன். அவர் பாண்டி இருந்த பக்கமாகவே சுற்றி வந்தது அரைகுறையாகத் தெரிந்தது.

"பெரியவரே, மாஸ்க்க மூக்குக்கு மேல ஏத்துங்க. ஆங், அப்படித்தேன்." பிறகு துப்பாக்கியை உதறினார். "இதென்ன 'லோ'ன்னு காட்டுது? பேட்டரி போச்சு போல."

வண்டி நகர்ந்ததும் பாண்டி புலம்பினான். "ஏன்டா மாப்ள, முப்பது வயசுக்காரனைப் பாத்துப் பெரியவருங்குது அந்தம்மா. இம்புட்டு நரைச்சா போச்சு?" நான் சிரித்தேன். பிரபுகூட லேசாகச் சிரித்தான்.

மேலே பாண்டி வண்டியிலேயே தூங்கிவிட்டான். நாங்கள் ஒரு மைல் நடந்து, சரிவில் ஒரு பலா மரத்தடியில் கூடாரம் போட்டோம். எக்செல் ஷீட்டில் சுத்தியலை மறந்திருந்தேன். அந்தக் கல்லால்தான் முளை அடித்தேன், காற்று பலமாக அடித்ததால் ஒரு மூலையில் பாரமாகவும் அதையே வைத்தேன். பிரபு அந்த மூலைப் பக்கம் தலை வைத்துப் படுத்தான். கொஞ்ச நேரத்தில் அவன் தோள் குலுங்கியது. அழுதான். அந்த நாற்பதடித் தூரத்தைப் பற்றி, மூட்டையை அவர்கள் எப்படி இறக்கினார்கள் என்பதைப் பற்றி, எல்லாவற்றையும் சொல்லிச் சொல்லி இரண்டு மணி நேரம் அழுதான். நான் பிடித்துக்கொண்டேன். கல்யாணம் ஆனதிலிருந்து திட்டம் போட்ட சாகசத் தேனிலவு அவ்வளவுதான். எனக்கு அது போதுமாக இருந்தது. கூடாரத்தைச் சுருட்டும்போது கல்லை அங்கேயே விட்டுவிட்டேன், அதை ஏன் சுமக்க வேண்டும் என்று.

நாலே முக்காலுக்கு அடிவாரத்தில் அதே கயிறு. அதே அக்கா குனிந்து பார்த்தார்.

"நாலு பேருல்ல போனீக? பெரியவரு எங்க?"

"நாங்க மூணு பேருதான்க்கா" என்றேன்.

"என்னம்மா வெளையாடுறியா? உன் பக்கத்துல பையை அணைச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரே. நாந்தானே பேரு எழுதுனேன்." ஜன்னல் வழியாக நோட்டை நீட்டினார். பிரபு, பாண்டி, நான். அதற்குக் கீழே நாலாவது வரியில் அதே கையெழுத்தில் 'பெருமாள், 62'.

பெருமாள் என் மாமனார் பெயர். நான் என்ன செய்கிறேன் என்று தெரியாமல் அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்தேன். பிரபு மட்டும் அந்த வரியை நிதானமாகப் படித்தான். நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தான்.

"அவரு அங்கயே இருந்துக்கிறேன்னுட்டாருக்கா."

"அதெப்படி? அஞ்சு மணிக்கு மேல மலையில யாரும் இருக்கக் கூடாது."

"அவரா எறங்குவாரு. நீங்க கயித்த அவுங்க."

பின்னால் பலாப்பழ லாரி ஒன்று விடாமல் ஹாரன் அடித்தது. அவர் முணுமுணுத்துக்கொண்டே கயிற்றை அவிழ்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை கேட்ட முதல் கேள்வி, "மோட்டார் ரூமுகிட்ட கெடந்த கல்ல யாரு எடுத்தது?" என்பதுதான். நான் என்று சொன்னதும், அது மாமாவின் கல் என்றார். இறந்தவருக்காக ஒரு கல்லை ஊன்றி, அதைத்தான் அவராக வைத்துக் காரியம் செய்வார்கள், முடிந்ததும் ஆற்றில் விட்டுவிடுவார்கள். ஊரடங்கில் ஆற்றுக்குப் போக விடவில்லை, பிறகு விடலாம் என்று அங்கே வைத்திருக்கிறார்கள். அந்த நாட்களில் நான் அம்மா வீட்டில் அடைந்து கிடந்தேன், எனக்கு யார் சொல்வது?

பிரபு கத்தார் போய்விட்டான். தினமும் போனில் ஒரு மணி நேரம் பேசுகிறான், ஊர்க்கதை உலகக்கதை எல்லாம். அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டால் மட்டும், "சொல்லச் சொன்னாரு, சொன்னேன்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. பாண்டிதான் விளையாட்டுக்கு அந்தப் பெயரைக் கொடுத்திருப்பான் என்று நானும் நினைத்துப் பார்த்தேன். அவன் தன் பிள்ளைமேல் சத்தியம் செய்கிறான். சரி, பொய்ச் சத்தியம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்த வயது? மாமா இறக்கும்போது அறுபத்தொன்று. ஆஸ்பத்திரிச் சீட்டில் அதுதான் இருக்கிறது, இறப்புச் சான்றிதழிலும் அதுதான், எங்கள் எல்லோருக்கும் தெரிந்ததும் அதுதான். மலையிலிருந்து வந்த அன்று ராத்திரியே போனில் இருந்த படத்தை அத்தையிடம் காட்டியபோது அவர் பெயரைப் பார்க்கவில்லை, எண்ணைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னார்:

"முந்தாநாத்துதான்த்தா அவரு பொறந்த நாளு. சரியாத்தேன் சொல்லியிருக்காரு."