வலிக்காத கட்டி

1950களின் இறுதியில் திண்டிவனம் ஆஸ்பத்திரியில் நான் கண்ட அந்த நர்ஸ் அம்மையார் ஒடிசலானவர். நோயாளியைத் தொடுமுன் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். அன்று என் மனைவியின் மார்பில் மல்லாட்டைக் கடலை அளவிலிருந்த கட்டியைத் திரைக்குள்ளே தடவிப் பார்த்தார்.

"வலிக்குதாம்மா?"

"துளிகூட இல்லீங்க. இவருதான் பேஜாரு பண்ணி இட்டுக்கினு வந்துட்டாரு" என்று அவள் சிரித்தாள்.

வெளியே நின்ற நானும் நிம்மதியுற்றேன். திரையை விலக்கி வந்த அம்மையாரின் முகமோ வெளுத்திருந்தது.

"வலிச்சிருந்தா தேவலைங்க. வலிக்காத கட்டிக்குத்தான் நாங்க பயப்படுவோம். டாக்டர் பார்க்கட்டும். புற்றுநோயா இருந்தா ஜல்தியா மெட்ராஸ் போயி ரேடியம் வெச்சி வைத்தியம் பண்ணிக்கணும்."

உள்ளிருந்து மனைவி, "ஏங்க, ஒண்ணும் இல்லன்னுட்டாங்களா? ஊட்டுக்குப் போவலாமா?" என்றாள்.

நான் அம்மையாரைப் பார்த்தேன். வலியில்லை என்ற சொல்லுக்கு நடுங்கிய மனிதரை அதற்குமுன் நான் கண்டதில்லை.