‘எனக்குப் புரியல’ என்று சொன்ன கோமதி மேடம்

சென்ற வாரம் நம் ஓய்வூதியர் வாட்ஸ்அப் குழுவில், ‘கோமதி மேடம் எக்ஸ்பயர்டு’ என்று ஒரு வரி வந்தது. மாத்திரைதான் காலாவதியாகும், மனிதர்கள் இறக்கிறார்கள் என்று குழுவில் பதில் எழுதிவிட்டுத்தான் அழுதேன்.

நம் வங்கியின் அம்பத்தூர் கிளையில் கடன் பிரிவை அவர் பார்த்துக்கொண்ட நாட்களை இளையவர்கள் அறிய மாட்டார்கள். நான் சேர்ந்த புதிதில் என் வீட்டுக் கடன் மனுவையே திருப்பி அனுப்பினார். என் கணவரின் கையெழுத்து ஓரிடத்தில் மாறியிருந்தது. மத்தியானம் என்னோடு தயிர்சாதத்தைப் பகிர்ந்துகொண்டே, "சினேகம் வேற, ஃபைல் வேற" என்றார். கான்வென்டில் கன்னியாஸ்திரீகளிடம் படித்த எனக்கு அந்தக் கண்டிப்பு பிடித்துப்போயிற்று.

விருப்ப ஓய்வு பெற்றதும் நம்மில் சிலர் சேர்ந்து ஒரு கம்பெனியில் பணம் போட நினைத்தோம். கடைகள் இணையத்தில் பொருள் விற்பதற்கான மென்பொருள் செய்யும் கம்பெனி. அப்படி வாங்குவதே அப்போது புதிது. நடத்தியவன் பருத்திப்பட்டு ஊர்ப் பையன், பெயர் வேண்டாம். மென்பொருளைச் செய்துகாட்ட அவனே இணையத்தில் ஒரு கடையும் திறந்திருந்தான். ஆர்டர்கள் நன்றாக வருவதாகச் சொன்னான். ஆராய்ந்து சொல்லும் பொறுப்பைக் கோமதி மேடத்திடம் கொடுத்தோம். அவர் வார்த்தைதான் முடிவு என்றோம்.

மென்பொருளை அவர் குறை சொல்லவில்லை. வாங்குகிறவர்கள் யார் என்று மட்டும் கேட்டார். பையன் மழுப்பினான். பார்சல் கொண்டுபோகும் கூரியர்காரரை விசாரித்தார். பெயர்கள் வேறு வேறு, இறக்குவது ஒரே வீட்டில் என்று தெரிந்தது. என்னையும் அழைத்துக்கொண்டு அங்கே போனார்.

அது பையனுடைய அப்பாவின் வீடு. பையன் அலுவலகத்திலேயே தங்கியிருந்ததால் பெரியவர் தனியாக இருந்தார். உள்ளறையில் கூரைவரை பார்சல்கள். மிக்ஸி, நைட்டி, சுவர்க்கடிகாரம், ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. பெரியவர்தான் பிரௌசிங் சென்டரில் சொல்லி, சொந்தக்காரர்கள் பெயரில் ஆர்டர் போட்டிருக்கிறார்.

"இன்னா பண்றது மேடம்? புள்ள கடைய தொறந்து வச்சிகினு குந்திகினு கீறான். ஒருத்தனும் வர்ல. அவனாண்ட மட்டும் சொல்லிடாதீங்க. மனசு உட்டுடுவான்."

கோமதி மேடம் வாக்குக் கொடுத்தார். நாம் கூடியபோது, "எனக்கு இந்தக் கம்ப்யூட்டர் வியாபாரம் புரியல. பணம் போட வேணாம்" என்றார். ஏன் என்று துருவியவர்களுக்கும் அதே பதில். உண்மை வெளியில் வந்தால் சுற்றிச் சுற்றிப் பையன் காதுக்குப் போய்விடும் என்று என்னையும் பேச விடவில்லை.

கம்பெனி மூடப்பட்டது. பின்னால் அதே தொழிலில் வந்த வேறு கம்பெனிகள் செழித்தபோது நீங்கள் அவரை விடவில்லை. ஒவ்வொரு ஒன்றுகூடலிலும், "மேடம், இப்பவாவது புரிஞ்சுதா?" என்று கேட்டுச் சிரித்தீர்கள். அவரும் சிரித்தார். பிறகு வருவதை நிறுத்திக்கொண்டார். அவரிடம் யோசனை கேட்கவும் யாரும் போகவில்லை. பெரியவர் காலமான பிறகும் மேடம் வாய் திறக்கவில்லை. கடைசியாக மேனாம்பேட்டில் அவர் வீட்டில் நான் பார்த்தபோது, இப்போது பார்சல் வராத வீடே இல்லை என்று சொல்லிவிட்டு, "எனக்கு நிஜமாவே புரியலயோ, சரோஜா?" என்றார். விளையாட்டாகக் கேட்கவில்லை. அந்த அறையை நினைவுபடுத்தினேன். அவர் முகம் தெளியவில்லை.

சாவு வீட்டுக்கு அந்தப் பையனும் வந்திருந்தான். தலை நரைத்துவிட்டது. அன்று மேடத்துக்கு மட்டும் புரிந்திருந்தால் தன் வாழ்க்கையே வேறு என்று உங்களில் ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். அவனைத் தனியே அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும் ஆன்ட்டி. அட்ரஸ் எல்லாம் எங்க ஊட்டு அட்ரஸ்தானே. அப்பவே தெரியும். அப்பா அசிங்கப்படுவாருன்னு கேக்கல."

"மேடம் பட்டது?"



காக்க வேண்டிய தேவையே இல்லாத ஒரு ரகசியத்துக்காக, நம்மில் மிகக் கூர்மையான ஒருவர் இத்தனை வருடம் நம் கண்ணில் விவரம் தெரியாதவராகவே இருந்தார். நேர்மையாக நடப்பவர்களைக் கடவுள் கைவிட மாட்டார் என்று சிஸ்டர்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இந்த வயதில் அதைத் திருப்பிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சென்று வாருங்கள், மேடம். அவன் சொன்னதை உங்களிடம் சொல்லத்தான் உள்ளே வந்தேன். குளிர்பெட்டிக் கண்ணாடியில் ஈரம் கோத்து உங்கள் முகம் தெரியவில்லை. முந்தானையால் துடைத்தேன். நான் குனிவதற்குள் மறுபடி மூடிக்கொண்டது.