ஆறு பக்கமும் விலாசம்

துபாயில், ஜெபல் அலியில் ஒரு கிடங்கில் எனக்கு வேலை. அட்டைப்பெட்டிகளின் மேல் விலாசம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அழிந்திருந்தால் தடித்த கறுப்பு மார்க்கரால் திரும்ப எழுத வேண்டும். என் கையெழுத்து நன்றாக இருக்கும். எங்கள் மலையாளி சூப்பர்வைசர் மற்றவர்கள் எழுதியதை அடித்துவிட்டு என்னைக் கூப்பிடுவார். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. எதற்கும் உதவாத தலைக்கனம்.

ஷார்ஜாவில், முவைலாவில் எங்கள் அறை. நான் இலங்கை, மட்டக்களப்புப் பக்கம். பக்கத்துக் கட்டிலில் இருந்த அண்ணன் மூதூர்ப் பக்கம், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மற்ற நான்கு பேரும் தமிழ்நாடு. ஊரில் யுத்த நிறுத்தம் என்று செய்தி வந்த வெள்ளிக்கிழமை அண்ணன் தன் செலவில் ஆட்டிறைச்சி வாங்கி ஆக்கினார். இனி என்ன, ஊருக்குப் போய்க் கடை போடலாம் என்று நானும் அவரும் வாய் ஓயாமல் பேசினோம். அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

அந்தச் சமாதானத்தில்தான் என் தம்பியைக் கொண்டுபோனார்கள். குண்டு விழுந்த காலமெல்லாம் அம்மாவின் சேலைக்குள் பத்திரமாக இருந்தவன். யுத்த நிறுத்தத்தைக் கண்காணிக்க வந்த வெள்ளைக்காரர்கள் வெள்ளை ஜீப்பில் தெருவில் போய்க்கொண்டிருந்த காலத்தில், வீட்டுக்கு ஒரு ஆள் வேண்டும் என்று இயக்கம் வந்து கேட்டது. கேட்டது என்றுதான் சொல்வார்கள். மாட்டேன் என்று சொன்ன வீடு எதையும் நான் அறியேன். வேலைக்குப் போகும் பஸ்ஸில் ஜெபல் அலி வரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

இரண்டு வருடம் கழித்து இயக்கமே இரண்டாக உடைந்தது. கிழக்கில் இருந்தவர்கள் வடக்கோடு இனிச் சேர்த்தி இல்லை என்றார்கள். அறையிலிருந்த சிவகங்கைக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்: "அண்ணே, இப்ப உங்க ஊர்ல யாருண்ணே ஆளு? போன மாசம் வேற பேரு சொன்னீங்களே." எங்களுக்கும் தெரியவில்லை. நான் கிழக்கு, அண்ணன் வடக்கின் கையில் இருந்த பகுதி. அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் ஊர்ச் செய்தி பேசுவதை நிறுத்தினோம். யார் சமைப்பது, யார் பாத்திரம் கழுவுவது என்பதை மட்டும் பேசினோம். ஒரே சட்டியில்தான் தின்றோம்.

கிழக்குப் பக்கத்தார் பிள்ளைகளை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். தம்பி சாரமும் செருப்புமாக வந்து நின்றான் என்று அம்மா போனில் சொன்னபோது அவள் குரலே வேறாக இருந்தது. சில வாரம்கூட நிலைக்கவில்லை. வடக்கிலிருந்தவர்கள் ஆற்றைக் கடந்து வந்து எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொண்டார்கள். வீட்டுக்குப் போன பிள்ளைகள் எல்லாரும் திரும்ப வந்து பதிய வேண்டும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஓடுகிறவனுக்கு என்ன தண்டனை என்பதைச் சொல்லவில்லை. அது எல்லாருக்கும் தெரியும். அம்மா தம்பியை வேறு ஊரில், வயலுக்கு நடுவே இருந்த சின்னம்மா வீட்டில் ஒளித்துவைத்தாள்.

நான் சூப்பர்வைசரின் காலில் விழாத குறை. அவர் கபீலிடம், அதாவது எங்களுக்கு விசா தரும் அரபி முதலாளியிடம் பேசி, தம்பிக்கு ஹெல்ப்பர் விசா வாங்கித் தந்தார். பாஸ்போர்ட் கொழும்பில் எப்படியோ எடுத்தாகிவிட்டது. விசா நகல் அவன் கைக்குப் போய்ச் சேர்ந்தால் போதும், விமானம் ஏறிவிடுவான். ஃபாக்ஸ் அனுப்பலாம். ஆனால் ஊரில் ஃபாக்ஸ் இருந்தது தொலைபேசிக் கடையில் மட்டும்தான். கடைக்காரன் படிப்பான், பிறகு ஊரே படிக்கும். நான் எவ்வளவு கவனமாக இருந்தேன் பாருங்கள்.

அந்த நேரம் அண்ணனுக்கு லீவு வந்தது. யார் ஊருக்குப் போனாலும் அறையில் இருக்கிற எல்லாருடைய சாமானையும் கொண்டுபோய்க் கொடுப்பது எங்கள் வழக்கம். ஊர் பிளந்து கிடந்தாலும் அந்த வழக்கம் பிளக்கவில்லை. தானாகவே வந்து கேட்டார்.

"தம்பிக்கு என்ன குடுக்கிற? தா, நானே வீட்ட போய்க் கையில குடுக்கிறன்."

ஒரு அட்டைப்பெட்டி எடுத்தேன். விமானத்தில் போட்டுக்கொண்டு வர இரண்டு நீளக் காற்சட்டை, இரண்டு சேர்ட், ஒரு சோடிக் கறுப்புச் சப்பாத்து. சப்பாத்துக்குள் விசா நகலைச் சுருட்டி வைத்தேன். நைலோன் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினேன். பிறகு மார்க்கரை எடுத்தேன்.

"பேர் ஒண்டும் எழுதாத. நான் கையோடதானே கொண்டுபோறன்" என்றார் அண்ணன்.

"விமான நிலையத்துல மாறிப்போனா என்ன செய்யிற?" என்றேன். எழுத்தில்லாத பெட்டியைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும். தம்பியின் முழுப்பெயர், ஊர், சின்னம்மாவின் கணவர் பெயர், எந்தக் கோயிலுக்குப் பின்னால், எந்த வாய்க்கால் ஓரம், எல்லாம் எழுதினேன். மூன்று பக்கம் தமிழில், மூன்று பக்கம் ஆங்கிலத்தில். அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார். ஒளிந்திருக்கிறவனின் விலாசம் அது என்பது எனக்கு அந்த நிமிடம் உறைக்கவே இல்லை. இப்படியும் ஒருவன் இருப்பானா என்று கேட்டால், இருந்தேன்.

மட்டக்களப்புக்குப் போகும் வழியில் இயக்கத்தின் சோதனைச்சாவடியில் அண்ணனின் சாமான்களை இறக்கினார்கள். பெட்டியைச் சுற்றிப் பார்த்தார்கள். அவிழ்த்தார்கள். அண்ணனை இரண்டு நாள் வைத்திருந்து விட்டுவிட்டார்கள். "பெட்டிய நாங்க குடுப்பம், நீங்க போங்க" என்றார்களாம்.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மாவைத் தொலைபேசிக் கடைக்குக் கூப்பிட்டேன்.

"பெட்டி வந்தித்து மனே. அவனுகளே சின்னம்மாட ஊட்டுக்குக் கொண்டாந்து தந்தானுகள், நானும் அங்கதான் இரிந்தன். ஒரு சாமானும் கொறயல்ல."

"தம்பி?"

"கூட்டித்துப் போயித்தானுகள். புதுச் சப்பாத்தப் போடச் சொன்னானுகள். போட்டான். அளவாத்தான் இரிந்திச்சி."

காசு தீர்ந்து லைன் அறுந்தது.

விசா காலாவதியானது. தம்பிக்கென்று இருந்த வேலைக்கு நேபாளத்துப் பையன் ஒருவன் வந்தான். அண்ணன் லீவு முடிந்து வந்து என் முகத்தைப் பார்க்காமல் வேறு அறைக்கு மாறினார். அவர்மேல் கோபப்பட எனக்கு வழியே இல்லை. இருந்திருந்தால் எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும். பிறகு யுத்தம் முழுதாகத் திரும்பி வந்தது. கிழக்கு அரசாங்கத்தின் கைக்குப் போனது. தம்பியை வடக்கில் கண்டதாக ஒருவர் சொன்னார், இல்லை என்று இன்னொருவர் சொன்னார். யுத்தம் முடிந்தபோது முகாம்களின் பெயர்ப் பட்டியல்களில் தேடினோம். எதிலும் அவன் பெயர் இல்லை.

அந்த வருடம்தான் நான் லீவில் ஊருக்குப் போனேன். அம்மா அந்தப் பெட்டியைக் கட்டில் அருகே வைத்திருந்தாள். மார்க்கர் மங்கவே இல்லை. உள்ளே தம்பியின் உடுப்பு மடித்து இருந்தது.

"உன்ர எழுத்து நல்ல வடிவு மனே" என்றாள் அம்மா. "வந்தவனுகளும் அதத்தான் சொன்னானுகள். வீடு தேட ஒரு கஷ்டமும் படல்லயாம்."

அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான் என்ன எழுதினேன் என்று அவள் கேட்டதில்லை, நான் சொன்னதும் இல்லை. அவள் கிணற்றடிக்குப் போன நேரம் பெயர் தெரியாதபடி பெட்டியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். மறுபக்கமும் இருந்தது. புரட்டினேன், கவிழ்த்தேன். எங்கேயும் அவன் பெயர்தான், தெளிவாக, என் கையெழுத்தில்.