முதலில் கால்தான் வரும்

எழுத்துகள் மேலும் கீழும் போவதைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். சிரித்தாலும் பரவாயில்லை, படித்து முடியுங்கள். முதியோர் வகுப்பில் சேர்ந்து இந்த வருடம்தான் எழுதப் பழகினேன். ஒரு வரி முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆனாலும் ஜோகுபாளையம் ரசிகர் மன்றப் பலகையில் பன்னீர் அண்ணனைப் பற்றி வேறு யாரும் எழுதக் கூடாது என்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டேன்.

செய்தி வந்தபோது நான் தியேட்டரில் இருந்தேன். வெள்ளிக்கிழமை காலைக் காட்சி, எங்கள் நடிகரின் புதுப்படம். ஆரம்பித்த உடனே சட்டைப்பையில் போன் துடித்தது. எடுக்கவில்லை. "மொத சீன் ஓடறப்ப போன் வந்தா எடுக்காத. செத்தது நானா இருந்தாலும் எடுக்காத" என்று சொல்லி வைத்தவர் அண்ணன். இடைவேளையில் எடுத்தேன். சரோஜா அண்ணி அழுதுகொண்டிருந்தார்கள். செத்தது அண்ணனேதான்.

அவரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நாங்கள் இருவரும் வீடு வீடாகக் கேஸ் சிலிண்டர் போட்டவர்கள். அவர் மூன்று சக்கர வண்டியை மிதிப்பார், நான் பின்னால் தள்ளுவேன். அவருக்குப் படம் என்றால் நாயகன் வந்து இறங்கும் முதல் காட்சி மட்டும்தான். அது முடிந்ததும் நாற்காலியில் சாய்ந்து குறட்டை விடுவார். எழுப்பினால், "மீதி எதுக்குடா? எப்படியும் நம்மாளுதான் ஜெயிப்பாரு" என்பார். வீட்டில் சீரியலுக்கும் அதே கதை. ஆரம்பப் பாட்டு முடிந்ததும் டிவியை அணைத்துவிடுவார். ரிமோட்டை அண்ணி முந்தானையில் முடிந்து வைக்கவேண்டியதாயிற்று.

எனக்கு அப்போது படிக்கத் தெரியாது. திரையில் எழுத்து போடும்போது ஒவ்வொரு பெயரையும் என் காதில் படிப்பார். அவருடைய ரகசியக் குரல் நாலு வரிசைக்குக் கேட்கும். பின்னாலிருந்து எவனாவது, "யோவ், கம்முனு இருய்யா" என்றால், "உனுக்கு இல்ல குரு, இவனுக்கு" என்று பதில் சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போவார்.

எங்கள் மன்றத்தில் ஒரு வழக்கம். முதல் காட்சிக்கு எல்லாரும் பைநிறையப் பேப்பர் வெட்டிக்கொண்டு போவோம். அண்ணன் "போடு!" என்று சொன்னபிறகுதான் வீசவேண்டும். "மொதல்ல காலுதான் காட்டுவான். மூஞ்சி வர்ற வரைக்கும் காத்திருக்கிறவன் ரசிகன் இல்ல. கால வச்சே நான் சொல்லிடுவேன்" என்பார்.

ஒரு படத்தில் கார்க் கதவு திறந்தது, பளபளவென்று ஒரு ஷூ புழுதியில் இறங்கியது. "போடு!" என்றார் அண்ணன். தியேட்டரே பேப்பரில் மறைந்துபோனது. விசில், கற்பூரம், ஆரத்தித் தட்டு. காமெரா மெல்ல மேலே ஏறியது. முகம் தெரிந்தது. வில்லன்!

"ணா, வில்லனுக்கு ஆரத்தி எடுத்துட்டோம்ணா!" என்று யாரோ அலறினார்கள்.

உடனே நிஜ நாயகனின் கால் வந்தது. யார் கையிலும் ஒரு துண்டுப் பேப்பர் இல்லை. "பொறுக்குங்கடா! மூஞ்சி தெரியறதுக்குள்ள பொறுக்குங்கடா!" என்று அண்ணன் நாற்காலிகளுக்கு அடியில் புகுந்தார். வாரி எடுத்துக்கொண்டு நிமிர்ந்தபோது பாட்டே முடிந்திருந்தது. தியேட்டருக்குப் போயும் அவர் பார்க்காமல் விட்ட ஒரே முதல் காட்சி அதுதான். "அவனுக்கு எதுக்குடா அவ்ளோ நல்ல ஷூ?" என்று கடைசிவரை சண்டைக்கு நின்றார்.

போன மாதம் படுக்கையில் விழுந்தார். மூச்சு வாங்கியது. புதுப்படம் வரும் நாள் தெரிந்ததும் என்னைக் கூப்பிட்டார். "நீ போய்ப் பாரு. பாத்துட்டு நேரா இங்க வந்து சொல்லு. வேற எவனும் சொல்லக் கூடாது. நீ வர்ற வரைக்கும் நான் எங்கியும் போவல" என்றார்.

வெள்ளிக்கிழமை திரையில் ஷூ இறங்கியது. பழைய ஞாபகத்தில் பயந்துபோய், முகம் வரட்டும் என்று பேப்பர் பையை இறுகப் பிடித்துக்கொண்டேன். அதற்குள் எழுத்து போட ஆரம்பித்துவிட்டார்கள். காதில் படிக்கப் பக்கத்தில் ஆள் இல்லை. நானே படித்தேன்! நடிகர் பெயர் மறைவதற்குள் கடைசி எழுத்துவரை படித்துவிட்டேன். அந்தச் சந்தோஷத்தில் பேப்பர் வீசவே மறந்துபோனேன்.

பையோடுதான் அவர் வீட்டுக்கு ஓடினேன். கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தார். அண்ணி என் கையைப் பிடித்து, "சொல்லு தம்பி. காலைலேர்ந்து 'படம் போட்டுட்டானா, போட்டுட்டானா'ன்னு கேட்டுக்கினே இருந்தாரு. அவருக்குக் கேக்குதோ இல்லியோ, நீ சொல்லு" என்றார்கள்.

அழவந்த உறவுக்காரர்கள் ஒதுங்கி இடம் விட்டார்கள். காலில் ஆரம்பித்தேன். கார்க் கதவு, ஷூ, புழுதி, திரும்பிப் பார்க்கிற பார்வை, எல்லாவற்றையும் வலிக்கிற முழங்காலோடு நடித்துக் காட்டினேன். பெட்டியருகே குனிந்து, "எழுத்த நானே படிச்சேன்ணா" என்றும் சொன்னேன். துக்க வீட்டில் அந்த விசிலை அடித்தது யார் என்று இன்றுவரை தெரியவில்லை.

தூக்கும் நேரம் வந்தது. வாசலில் முதலில் அவர் கால்தான் வந்தது. சிலிண்டர் விழுந்து நகம் போன கட்டைவிரல். இந்தத் தடவை சந்தேகமே இல்லை.

"போடு!" என்று கத்தினேன். பை காலியாகும்வரை வீசினேன்.

போய் வாருங்கள் அண்ணா. இடைவேளையில் எழுந்து வந்ததால் பாதிப் படம் எனக்குப் பாக்கி இருக்கிறது. அடுத்த வாரம் போய்ப் பார்த்து, நீங்கள் ஒருநாளும் விழித்திருந்து பார்க்காத அந்த முடிவை இதே பலகையில் எழுதுகிறேன். நம்மாள்தான் ஜெயிப்பார், தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன்.